ஒரு முறுக்கு

பிரிந்தபோது படகு அவனுக்கு,
காரும் அதன் கூரைக் கேரியரும் எனக்கு என்று
எழுதிக்கொண்டோம்.
அதனால்தான் ஏவிந்துர் கூப்பிட்டான்,
மூன்று வருஷம் கழித்து,
ஒரு மரத்துக்காக.

சைபீரிய ஆறு ஏதோ கைநழுவ விட்ட மரம்.
பனிப்பாளத்தோடு பல வருஷம் அலைந்து
ஸ்ட்ராண்டிர் கரையில் வந்து ஒதுங்கியது.
அத்தனை தூரமும் அதை யாரும் கட்டவில்லை.
மூன்று சட்டங்களாக அறுத்து வைத்திருந்தான்,
ஆளுக்கு ஐந்தரை மீட்டர்.
வெளியே உப்பேறிய சாம்பல்,
வெட்டுவாயில் மட்டும் தேன்.

"எடை?" என்றேன்.
குளியலறைத் தராசை எடுத்து வந்தான்.
ஒரு முனை தராசில், மறுமுனை கட்டையில்,
பிறகு திருப்பி வைத்து, இரண்டையும் கூட்டி,
மூன்றுக்கும் சேர்த்து அறுபத்தொன்பது.
கார்ப் புத்தகம் எழுபத்தைந்து தாங்கும் என்கிறது.
கேரியரின் ஐந்து கிலோவும் அந்தக் கணக்கில்தான் என்று
பொடி எழுத்தில் சொல்கிறது.
"ஒரு கிலோ மிச்சம். தொப்பியை மேலே வைத்துவிடாதே" என்றான்.
சிரிப்பு வந்தது. கொடுக்கவில்லை.

குறுக்குக் கம்பி ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை.
முன்னே இழுகொக்கிக்கு ஒரு கயிறு, பின்னே ஒன்று.
ரப்பர் கயிற்றை நீட்டினான், வேண்டாம் என்றேன்.
நீளுகிற எதுவும் பிடித்திருப்பதாக நடிக்கும்.
முன்கயிற்றை அவன் வெறிகொண்டு இறுக்க,
மரம் வில்லாக வளைந்தது.
"விடு. கட்டச் சொன்னேன், கழுத்தை நெரிக்கச் சொல்லவில்லை."
பின்பக்கம் ஒரு மீட்டர் வெளியே நீண்டது.
சிவப்புத் துணி இல்லை.
மீன் ஆலையின் ஆரஞ்சுக் கையுறை ஒன்றை
முனையில் ஆணியடித்தேன்.

காற்றடித்தால் கையுறைக்குள் ஐந்து விரலும் நிரம்பும்.
பின்னால் வந்த டிராக்டர்காரர் பதிலுக்குக் கை காட்டினார்.
தபால் வண்டியும் காட்டியது.
அன்று அந்தச் சாலையில்
எங்களோடு மனஸ்தாபம் உள்ளவர் எவருமில்லை.

பத்தாம் கிலோமீட்டரில் நிறுத்தினேன்.
பட்டையில் இரண்டு விரல் நுழைந்தது.
இது கட்டியவன் தப்பில்லை;
குலுங்கிக் குலுங்கி மரம் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும்.
இறுக்கினோம். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்,
நடுவில் கூரை.

மேட்டு வெளியில் குறுக்குக் காற்று.
எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கினேன்.
அப்போது தொடங்கியது அந்த முனகல்.
கூரை முழுதும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு
ஒரே சுருதியில்.
பேச வேண்டிய எல்லாவற்றையும் அது பேசுவதுபோல் இருந்தது.
"இன்னும் இறுக்கட்டுமா?" என்றான்.
"வேண்டாம். அவிழ்த்து, ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டு."

தட்டையாக இழுத்த பட்டைதான் காற்றில் பாடும்.
ஒரே ஒரு முறுக்கு போதும், வாயடங்கும்.
கதவு காற்றோடு பிய்த்துக்கொண்டு போகாதபடி
இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கினான்.
திரும்பி ஏறியபோது காருக்குள் நிசப்தம்.
முதல் நிசப்தத்தை விட இது கொஞ்சம் அகலம்.
அதில் ஃப்ளாஸ்கைத் திறந்து
எனக்கும் காபி ஊற்றினான்.

அவன் கட்டும் வீட்டு வாசலில்
ஹ்ரெப்னா நின்றிருந்தாள், கையில் வேலைக் கையுறை.
யாரும் சொல்லாமலே கனமான முனைக்குப் போய்
முழங்காலை மடக்கித் தூக்கினாள்.
நன்றாகத் தூக்கினாள்.
சட்டத்தை நீட்டி உத்தரத்துக்கு அளவு பார்த்தார்கள்,
சரியாக இருந்தது.
பின்கதவைத் திறந்தேன்,
அது எதிலும் இடிக்காமல் மேலே போனது.
பட்டைகளைச் சுருட்டி உள்ளே போட்டேன்.

திரும்பும் வழியில் வண்டி துள்ளியது.
மேட்டு வெளியில் காற்று அப்படியே இருந்தது,
கேரியர் மெலிதாகச் சீட்டியடித்தது.
அந்தப் பத்துக் கிலோமீட்டர் வந்ததும்
கால் தானாக பிரேக்கை மிதித்தது.
இறங்கி, கூரைக்குக் கை உயர்த்தி,
இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தேன்.

ஒரு பிக்கப் வேகத்தைக் குறைத்தது.
உயர்ந்திருந்த என் கையைப் பார்த்து
அந்த ஆளும் கை காட்டிவிட்டுப் போனார்.